முதலிடத்தில் நாச்சிமுத்து

ஆகஸ்ட் 3, வியாழன்

நாச்சிமுத்துவின் காரியம் இன்று முடிந்தது. இன்னமும் அவன்தான் முதலிடத்தில் இருக்கிறான்.

மன்றத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சாம்பாரில் உப்பு தூக்கல். யாரும் சொல்லவில்லை, இழவு வீட்டில் உப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்தார்கள் போலும். திரும்பும் வழியில் மன்றத்துக்குள் நுழைந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். என் கையால் ஒட்டிய ரம்மி தர வரிசைப் பட்டியல்தான். 1. நாச்சிமுத்து, 1912 புள்ளி. 2. சென்னியப்பன், 1904. சென்னியப்பன் நான்.

வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள் இருப்பது நாட்டு வழக்கம். ஆனால் அங்கேகூட அவர்களை முதலிடத்தில் போடுவதில்லை.

கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

பின்னால் யாராவது இதைப் படித்து என்னைத் தவறாக எண்ணக் கூடாது. ஆகவே முழு விவரத்தையும் எழுதி வைக்கிறேன்.

உடுமலைப்பேட்டை ஐக்கிய மனமகிழ் மன்றத்தில் ரம்மி மட்டும்தான் ஆட்டம். காசு வைப்பதில்லை. காசு வைத்திருந்தால் தோற்றவன் வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே யாரும் போவதில்லை, மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன்புவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரைக் கைதட்டலை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் நாச்சிமுத்து. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவன். சனிக்கிழமைதோறும் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தருவான். அந்தக் கைதட்டல் போண்டாவுக்குக் கிடைத்தது என்பது என் கருத்து, அன்றும் இன்றும்.

நான் புள்ளியியலில் முதுகலை. கல்லூரியில் இருபத்தைந்து வருடமாகப் பாடம் எடுக்கிறேன். துறைத் தலைவர் பதவியை என்னைவிட ஐந்து வயது இளையவனுக்குக் கொடுத்தார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. கைதட்டலை ஒழித்து அறிவியலைக் கொண்டுவருவதென்று முடிவு செய்து, சதுரங்கக்காரர்கள் வைத்திருக்கும் தரப்புள்ளி முறையை ரம்மிக்குப் பொருத்தினேன்.

முறை எளிது. எல்லோரும் 1500 புள்ளியில் தொடங்குவார்கள். இருவர் ஆடினால், வென்றவர் தோற்றவரிடமிருந்து புள்ளிகளை எடுத்துக்கொள்வார். எத்தனை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இருவரும் சமம் என்றால் பத்து. பெரிய தரக்காரன் சின்னத் தரக்காரனை வென்றால் ஒன்றோ இரண்டோதான். நடக்க வேண்டியதுதானே நடந்தது. சின்னவன் பெரியவனைச் சாய்த்துவிட்டால் பதினெட்டு, பத்தொன்பது என்று அள்ளிக்கொண்டு போவான். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையில் உள்ள தூரம்தான் புள்ளி. வாழ்க்கைக்கும் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் நான் இந்நேரம் துணைவேந்தர்.

பதினெட்டு விதிகள் எழுதினேன். செயலாளர் ஆறுச்சாமி விளையாட்டாகப் பத்தொன்பதாவது ஒன்றைச் சேர்த்தார்: மன்றத்தில் மாலைக் காபி தர வரிசைப்படி வழங்கப்படும். ஆறுச்சாமி ஜவுளிக்கடைக்காரர். எதையும் விளையாட்டாகத்தான் செய்வார்.

முதல் வருடக் கணக்கு முடிந்தபோது முதலிடத்தில் நாச்சிமுத்து. மூன்று முறை சரிபார்த்தேன். கணக்கில் பிழையில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஆறுச்சாமியைக் கடையில் போய்ப் பார்த்தேன். ஒருவர் காலமாகிவிட்ட பின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதுதானே முறை என்று கேட்டேன். ஒரு வேட்டிக்கட்டைப் பிரித்தபடியே, பதினான்காம் விதியை எனக்கே ஒப்பித்தார். உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டாலோ, சந்தாக் காலம் முடிந்துவிட்டாலோ தவிர எவர் பெயரையும் நீக்கக் கூடாது.

“நீங்க எழுதுன சட்டந்தானுங்களே சார். ஒரு கமாவக்கூடத் தொடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

சொன்னேன்தான். குழு என் பெயரை நீக்கிவிடுமோ என்று அன்று பயம். அவர்கள் நீக்க நினைத்திருந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஆதாரமில்லை. ஆனால் அந்த முகங்களை நான் அறிவேன்.

நாச்சிமுத்துவின் சந்தா செப்டம்பர் கடைசிவரை இருக்கிறதாம். காத்திருக்கலாம். இருந்தாலும், அவன் விலகி நான் முதலாவதாக வருவதைவிட அவனைத் தாண்டி வருவதுதான் எனக்குப் பிடிக்கும். எட்டுப் புள்ளிதானே.

ஆகஸ்ட் 12, சனி

இன்று முதல் காபியைக் கேன்டீன் ரங்கன் நாச்சிமுத்துவின் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தான். சர்க்கரை இல்லாத காபி. பிறகுதான் எனக்கு. கேட்டால், “முதல் ஆளுக்கு வெக்காம ரெண்டாவது ஆளுக்கு எப்படிங்க வெக்கறது” என்றான். விதிப்படி அவன் சொல்வது சரி.

காபி அப்படியே ஆடை கட்டி ஆறியது. இது புதிதல்ல. கடைசி மூன்று மாதங்களில் உயிரோடு உட்கார்ந்திருந்தபோதும் அவன் காபியைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, மற்றவர் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். காபி எதிரில் ஆறும். முதலிடத்தின் திமிர், வேறென்ன.

ஆறுச்சாமியோடு ஆடி வென்றேன். அவர் தரம் 1430. எனக்குக் கிடைத்தது ஒரு புள்ளி.

ஆகஸ்ட் 19, சனி

மேலும் இரண்டு புள்ளி. 1907. வீட்டில் மனைவி வளர்மதியிடம் சொன்னேன். அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, செத்தவரு கூடவா போட்டி?” என்றாள்.

கிரைண்டரை நிறுத்தச் சொல்லி, தரப்புள்ளி என்பது ஆளைப் பற்றியதல்ல, ஆட்டத்தைப் பற்றியது என்று விளக்கினேன். ஆள் போனாலும் அவன் ஆட்டத்தின் மதிப்பு அந்த எண்ணில் நிற்கிறது என்றேன். கேட்டுவிட்டு, “அப்புறம் எதுக்கு அத எடுக்கோணும்கறீங்க?” என்று கிரைண்டரை மறுபடி போட்டாள். முதுகலை படிக்காதவர்களிடம் வாதிடுவது வீண்.

ஆகஸ்ட் 26, சனி

ஆறுச்சாமியிடம் தோற்றேன். முதல் சுற்றிலேயே அவர் கையில் மூன்று ஜோக்கர். பத்தொன்பது புள்ளி போயிற்று. இன்று வேறெதுவும் எழுத விருப்பமில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஏப்ரலில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் முதலிடம் என்னுடையது. நான் 1914, அவன் 1902. ஒரு வாரம் முதல் காபியைக் குடித்தேன். ரங்கனின் காபி முதலில் ஊற்றும்போதுதான் காபியாக இருக்கிறது, இரண்டாவதிலிருந்து வெந்நீர். மறு சனிக்கிழமை நாச்சிமுத்து என்னோடு ஆட உட்கார்ந்தான். ஐந்து சுற்று. நான்கு முடிந்தபோது ஏறக்குறைய சமம். ஐந்தாவதில் நான் ஆட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டின், ஒன்பதைப் போட்டேன். அவன் அதை எடுத்து, பதின்மூன்று சீட்டையும் சேர்த்து மேசையில் விரித்துவிட்டான்.

எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன், இது ஆட்டமல்ல, அதிர்ஷ்டம், குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது என்று. அவன் கோபப்படவில்லை. “சரிங்க புரொபசர்” என்றான். கல்லூரியில்கூட யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை, அவன் மட்டும்தான். அதன் பிறகு அவன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆடாதவனுக்குப் புள்ளி குறையாது என்பது என் முறையில் உள்ள ஒரே ஓட்டை. அதைக் கண்டுபிடித்து, முதலிடத்தின் மேல் கோழி அடைகாப்பது போல உட்கார்ந்துகொண்டான்.

நானும் அவனிடம் பேசவில்லை. பேச வேண்டியது அவன்தான்.

செப்டம்பர் 30, சனி

இன்று மாலை ஆறு மணியோடு அவன் சந்தாக் காலம் முடிகிறது. ஐந்தரைக்கே மன்றத்துக்குப் போய் அறிவிப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தேன். பையில் திருத்திய பட்டியல் தயாராக இருந்தது.

ஆறு அடிக்கச் சற்று முன்பு ஸ்கூட்டர் சத்தம். நாச்சிமுத்துவின் மனைவி கோமதி. பட்டறைச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். நேரே ஆறுச்சாமியின் மேசைக்குப் போய் முழு வருடச் சந்தாவைக் கட்டினாள்.

பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன். அவர்தான் இல்லையே, எதற்கம்மா என்று.

“முதல் எடத்துல இருக்கறாருங்கண்ணா,” என்றாள். “பள்ளிக்கூடத்துலயும் சரி, அவுங்கப்பா சொத்துப் பிரிக்கறப்பவும் சரி, எதுலயும் முதலா இருந்ததில்லீங்க. இருந்துட்டுப் போறாரு.”

ஆறுச்சாமி ரசீதைக் கிழித்து நாச்சிமுத்து என்று பெயர் எழுதினார். திருத்திய பட்டியலை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. வளர்மதி மளிகைச் சாமான் எழுத எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

பொதுக்குழு. மூன்று மாதங்களாக ஆடாதவர்களின் தரத்தில் வாரம் ஐந்து புள்ளி குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். நாச்சிமுத்துவின் பெயரைச் சொல்லவே இல்லை. எனது உரை அரை மணி நேரம். தரம் என்பது நீரோட்டம், தேங்கினால் பாசி பிடிக்கும் என்றெல்லாம் சொன்னேன். கை தூக்கினார்கள், நிறைவேறியது. கேன்டீனில் இன்று கேசரி.

கேசரி வாயில் இருக்கும்போதே ஆறுச்சாமி எழுந்து ஒன்பதாம் விதியை வாசித்தார். உடல்நலக் காரணத்தால் ஆட முடியாத உறுப்பினரின் தரம் எவ்வகையிலும் குறைக்கப்படக் கூடாது. விதிகளை எழுதிய சமயத்தில் எனக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது; அதனால் நானே சேர்த்த விதி. எந்த இடத்தில் நடந்தது என்பது இங்கே தேவையில்லை. உட்கார முடியாமல் இருந்தது.

இறந்தவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன்.

“இதவிடப் பெரிய உடல்நலக் காரணம் என்னங்க சார் இருக்குது?” என்றார் ஆறுச்சாமி.

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. என் தீர்மானத்தால் புள்ளி இழந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆறு பேரும் என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வழக்கம்போல மன்றத்தின் எல்லாச் சீட்டுக்கட்டுகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தார்கள். இன்று ஒருநாள் சீட்டைத் தொடக் கூடாது. கட்டுகளுக்கு நடுவே நாச்சிமுத்துவின் போட்டோ. யார் வைத்தது என்று தெரியவில்லை. பட்டறைத் திறப்பு விழாவில் எடுத்த போட்டோ; பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அவன் தோள்மேல் ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்தக் கையில் உள்ள கடிகாரம் என்னுடையது.

பூஜை முடிந்ததும் தீபாவளிக் கோப்பை அட்டவணையை ஆறுச்சாமி வாசித்தார். தர வரிசையில் முதல் எட்டுப் பேர் தானாகவே இடம்பெறுவர், எவரையும் நீக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை. ஐந்தாம் விதி, எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆட்டம்: நாச்சிமுத்து, எட்டாம் இடத்தில் உள்ள ஆறுச்சாமி.

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும்தான் சுற்றிலும் பார்த்தேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

கால் இறுதி. நான் வென்றேன்.

நாச்சிமுத்துவும் வென்றான். விதிப்படி வராதவருக்காகக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆறுச்சாமி காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். நேரம் முடிந்ததும் வெற்றி அவருக்கு என்று நான் அறிவிக்கப் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, தான் விலகிக்கொள்வதாகச் சொன்னார். செத்தவரை ஜெயித்தேன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றார். எதிராளி விலகினால் வெற்றி மற்றவருக்கு. நாச்சிமுத்து அரை இறுதிக்குப் போய்விட்டான்.

நவம்பர் 5, ஞாயிறு

அரை இறுதி. நான் வென்றேன். ஆகஸ்டில் போனதெல்லாம் மீண்டு மறுபடி 1907.

நாச்சிமுத்துவுக்கு எதிரே மருந்துக்கடை ஞானப்பிரகாசம். அவராவது துணிவார் என்று நம்பினேன். ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை.

“அவருக்கு ஆறு மாசமா மாத்திரை குடுத்தவன் நான். அதுலயும் காப்பாத்தல. ஆட்டத்துலயும் தோக்கடிக்கணுமாங்க?”

விலகிவிட்டார். என்ன மாத்திரை என்று கேட்க நினைத்தேன். சர்க்கரைக்காகத்தான் இருக்கும்.

ஆக, இறுதி ஆட்டம் 11ஆம் தேதி, சனி மாலை. நாச்சிமுத்து, சென்னியப்பன்.

நவம்பர் 6, திங்கள்

இன்று மன்றத்தில் நடந்த விவாதத்தை அப்படியே பதிவு செய்கிறேன். கல்லூரியின் கல்விக்குழுவில்கூட இவ்வளவு தர்க்கம் நடந்து நான் பார்த்ததில்லை.

நான் விலக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படியானால் கால் மணி காத்திருந்து கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆறுச்சாமி. கோப்பை யாருக்கு வேண்டும்? ஆடாமல் கிடைக்கும் வெற்றிக்குப் புள்ளி கிடையாது. அவன் 1912, நான் 1907. கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு ஆயுளுக்கும் இரண்டாவது காபி குடிக்க வேண்டும். ஆட்டம் நடந்தாக வேண்டும் என்றேன்.

அவர் சீட்டை யாராவது பிடிக்கட்டும், நானே வேண்டுமானால் பிடிக்கிறேன் என்றார் ஆறுச்சாமி. அங்கேதான் அடிப்படைத் தவறு. ஆறுச்சாமி ஆடினால் அது ஆறுச்சாமியின் ஆட்டம். அவரை வென்றால் எனக்கு நியாயமாக ஒரு புள்ளிதான். நாச்சிமுத்துவை வென்றதற்கான பத்துப் புள்ளி வேண்டுமென்றால், அந்தச் சீட்டு நாச்சிமுத்து ஆடுவது போலவே ஆடப்பட வேண்டும். எதைப் போடுவான், எதைக் கடைசிவரை விடமாட்டான், எப்போது சுற்றைக் கவிழ்த்துவிட்டு எழுவான் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர்தான் ஆட வேண்டும்.

அப்படி யாருக்குத் தெரியும் என்று கேட்டார் ஞானப்பிரகாசம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினெட்டு வருடம் வாரம் மூன்று நாள் அவன் எதிரே உட்கார்ந்தவன் நான். ஆகவே, இரு கைகளையும் நானே ஆடுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. அவன் குடும்பத்தின் சம்மதத்தையும் நானே போய்ப் பெற வேண்டுமாம்.

நவம்பர் 7, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். கோமதியே இப்போது காயில் கட்டுகிறாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். செப்புக் கம்பியைச் சுற்றியபடியே கேட்டுவிட்டு, ஆடுங்கள், ஆனால் அவர் போலவே ஆட வேண்டும் என்றாள். அதுதான் என் நோக்கமும் என்றேன். அவனே ஏப்ரலுக்குப் பின் ஆடியிருந்தால் இவ்வளவு சிக்கல் இல்லையே, இடத்தைக் காப்பாற்ற ஆடாமலே உட்கார்ந்துவிட்டானே என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

“எடத்தக் காப்பாத்தவாங்கண்ணா?” என்றாள். கம்பி நின்றுவிட்டது. “கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுங்க. டம்ளர் நிக்காது, சீட்டு எப்படீங்க நிக்கும்? சித்திரையில இருந்து நான்தான் ஊட்டி உட்டேன். மன்றத்துல யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமா உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க.”

எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.

“புரொபசருக்குத் தெரிஞ்சா வேணும்னே தோத்துருவாரு, அப்புறம் அந்த ஆட்டத்துக்கு என்ன மரியாதைன்னாருங்க.”

ஒன்பதாம் விதியின்படி உடல்நலக் காரணத்தை எழுத்து மூலம் குழுவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அவன் தெரிவிக்கவில்லை. விதிமீறல் அவனுடையது.

மேலும், நான் அப்படிப்பட்டவன் அல்ல. யாருக்காகவும் நான் வேண்டுமென்று தோற்றதில்லை. அவன் என்னைப் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்துவிட்டது போல, சந்தையைச் சுற்றி வந்தேன். தக்காளி விலை இறங்கியிருக்கிறது. வாங்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

சிலிண்டர் வந்தது.

நவம்பர் 11, சனி

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். யாராவது சந்தேகப்படலாம்.

மன்றம் நிரம்பியிருந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை. கடைவீதியில் இருக்க வேண்டியவர்கள் எல்லாம் இங்கே இருந்தார்கள். ஆறுச்சாமி தன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கோமதியும் வந்தாள். நாச்சிமுத்துவின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவன் பக்கம் மேசையில் வைத்தாள். அந்த நாற்காலியில் உட்காரும்போது அதைத்தான் போட வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன். பவர் எனக்குச் சரியாக இருந்தது. எரிச்சலாக வந்தது.

ஏற்பாடு இதுதான். சீட்டைக் கலைத்துப் போடுவது ஆறுச்சாமி. என் நாற்காலியில் உட்கார்ந்து என் சீட்டை ஆடுவேன். எழும்போது கவிழ்த்து வைப்பேன். ரங்கன் அதை ஒரு தட்டால் மூடுவான். மேசையைச் சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் சீட்டை ஆடுவேன். இந்த நாற்காலியில் இருக்கும்போது அந்தக் கையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் இருக்கும்போது இந்தக் கை தெரியாது. தெரிந்தது தெரியாமல் இருப்பது கடினம் என்று சிலர் நினைக்கலாம். கல்லூரியில் இத்தனை வருடம் நான் செய்ததே அதுதான்.

முதல் சுற்று எனக்கு. இரண்டாவதில் நாச்சிமுத்து மோசமான சீட்டோடு கடைசிவரை நின்று ஜெயித்தான். நானாக இருந்தால் தொடக்கத்திலேயே கவிழ்த்திருப்பேன். அவன் கவிழ்க்க மாட்டான், அவனுக்குச் சுற்றைப் பாதியில் விட்டு எழுவது பிடிக்காது. மூன்றாவது எனக்கு, நான்காவது அவனுக்கு. எண்ணிப் பார்த்தால் நான் ஒரு புள்ளி முன்னால்.

நான்காவது முடிந்து ஐந்தாவதற்கு ஆறுச்சாமி சீட்டைக் கலைத்தபோது காபி நேரம். அப்போது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரங்கன் முதல் காபியை வழக்கம்போல அங்கே கொண்டுவந்து வைத்தான். ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தான். கண்ணாடி போட்டிருந்தேன். எடுத்துக் குடித்தேன். சர்க்கரை இல்லை. இதை இத்தனை வருடம் எப்படித்தான் குடித்தானோ. ஆனால் சூடாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

ஐந்தாவது சுற்று. அந்தக் கையில் ஆட்டின் ஏழும் எட்டும் இருந்தன. ஆட்டின் பத்தும் இருந்தது. ஓர் உதிரிச் சீட்டைத் தவிர மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது. ஒன்பது வந்தால் முடிந்தது. ஒரு சீட்டைப் போட வேண்டிய நேரத்தில், நானாக இருந்தால் பத்தை வைத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டிருப்பேன். ஆனால் என் கை ஆட்டின் பத்தில்தான் போய் நின்றது. நாச்சிமுத்து அதைத்தான் போடுவான். பத்தைப் போடுகிறவனுக்கு ஒன்பது தேவைப்படாது என்று எதிராளி நம்புவான் அல்லவா. போட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்து, சுற்றி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரங்கன் தட்டை எடுத்தான். கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். ஆட்டின் ஒன்பது.

எதிராளி இப்போதுதான் ஆட்டின் பத்தைப் போட்டிருக்கிறான். ஆகவே ஆட்டின் ஒன்பது அவனுக்குப் பயன்படாத சீட்டு. என் கையிலோ அதற்கு வேலையில்லை. அதிகப் புள்ளியுள்ள சீட்டு வேறு. கணக்கு தெரிந்த எவனும் அதைத்தான் போடுவான். அதைப் போடாமல் வைத்துக்கொண்டால், அந்தப் பக்கம் பார்த்ததை இந்தப் பக்கம் பயன்படுத்தியதாகும். அது திருட்டு.

கோமதி என் முகத்தைப் பார்க்கவில்லை; என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலிலும் அவன் முதலில் பத்தைத்தான் போட்டான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏழு மாதங்களாக நான் ஒன்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்; அதற்கு முன் விழுந்த பத்தை நினைக்கவில்லை. இதைப் பொதுக்குழுவில் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை.

ஆட்டின் ஒன்பதைப் போட்டேன்.

பிறகு எழுந்து, சுற்றிப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்தேன். பதின்மூன்றையும் விரித்து வைத்தேன். கைதட்டினார்கள். போண்டா இல்லாமலே தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். யாருக்குத் தட்டுகிறார்கள் என்பது தெரியாமல் எந்த நாற்காலியிலும் உட்காராமல் நடுவில் நின்றேன்.

“சரிங்க புரொபசர்” என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுவும் மரியாதைக்குறைவுதான்.

வீட்டில் வளர்மதி அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தது என்று கேட்டாள். நாச்சிமுத்து என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வேண்டுமென்று தோற்கவில்லை என்றேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

நவம்பர் 13, திங்கள்

புதிய பட்டியலை அச்சடித்து ஒட்டினேன். 1. நாச்சிமுத்து, 1922. 2. சென்னியப்பன், 1897.

ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறுச்சாமி வந்து நின்றார். முதலிடக்காரரோடு ஆடாமல் விலகியது தவறு என்று இப்போது தோன்றுகிறதாம். அவரைச் சாய்த்தால் பத்தொன்பது புள்ளி அல்லவா என்றார். சனிக்கிழமை நாச்சிமுத்துவோடு ஆட வேண்டுமாம், சீட்டை நான் பிடிக்க வேண்டுமாம். ஞானப்பிரகாசம் அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். என்னோடு பேசாத ஆறு பேரில் நால்வரும் கொடுத்திருக்கிறார்கள். நாச்சிமுத்துவோடு ஆட அவர்களுக்கு ஆட்சேபமில்லை.

நான் மறுத்துவிடலாம். ஆனால் ஆடாத முதலிடம் எனக்குப் பிடிக்காது என்று பொதுக்குழுவில் அரை மணி நேரம் பேசியவன் நான்தானே.

தவிரவும், இருபத்தைந்து புள்ளி வித்தியாசம். அவனை நான்தான் தோற்கடிக்க வேண்டும், வேறு யாரும் தோற்கடிக்க விடப் போவதில்லை.

நவம்பர் 18, சனி

நாச்சிமுத்து ஆறுச்சாமியை வென்றான். ஒரு புள்ளி. காபியை ஆறவிடவில்லை.

கடைசிச் சீட்டை வைக்கும்போது கோமதி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை நடுங்கவே இல்லை.